பக்கத்து அறைப் பேராசிரியர்

"துறையில் எல்லோருடனும் எப்படிப் போகிறது?" என்று ஒரு பேராசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். "ம்... பரவாயில்லை" என்பார். இந்தப் பரவாயில்லையை எந்தப் பக்கம் சேர்ப்பது?

பாட்ரீசியா ஸ்மித், லார்ன் கெண்டல், சார்லஸ் ஹியூலின் ஆகிய உளவியலாளர்கள் 1969இல் வெளியிட்ட பணி விவரிப்புக் குறியீடு (Job Descriptive Index) என்ற பணித் திருப்தி வினாத்தாள் இதற்கு அழகான விடை வைத்திருக்கிறது. 'திருப்தியா?' என்று அது நேராகக் கேட்பதில்லை. சகபணியாளர்களைப் பற்றி 'உதவுபவர்கள்', 'சோம்பேறிகள்' என்பதுபோல 18 சொற்களைத் தருகிறது. ஆம், இல்லை, அல்லது கேள்விக்குறி போட வேண்டும். நல்ல சொல்லுக்கு ஆம் என்றால் 3 மதிப்பெண், இல்லை என்றால் 0. கேள்விக்குறிக்கு ஒன்றரை அல்ல, 1 தான். ஏனென்றால், கேள்விக்குறி போட்டவர்களின் மற்ற பதில்களைப் பார்த்தபோது, அவர்கள் அதிருப்தியாளர்களுக்கே அருகில் இருந்தார்கள். தயங்குபவரின் மனம் ஏற்கெனவே கொஞ்சம் கசந்திருக்கிறது.

பல்கலைக்கழகத்தில் இந்தக் கசப்பு எளிதில் ஊறும். அங்கே பக்கத்து அறைக்காரர் நண்பர் மட்டுமல்ல. அதே ஆய்வு நிதிக்குப் போட்டியாளர். நாளை உங்கள் பதவி உயர்வுக் குழுவில் உட்கார்ந்து உங்கள் கட்டுரைகளை எடைபோடப் போகிறவரும் அவரே. அதிலும் இருவரும் ஓய்வு பெறும்வரை ஒரே தாழ்வாரத்தில் நடக்க வேண்டும். சரி, சண்டை வந்தால்தானே சிக்கல் என்று தோன்றலாம். ஆனால் உறவைத் தேய்ப்பவை பெரும்பாலும் மிகச் சின்ன விஷயங்கள்: பதில் வராத மின்னஞ்சல், துறைக் கூட்டத்தில் பாதியில் வெட்டப்பட்ட பேச்சு, கட்டுரையில் விடுபட்ட பெயர். வேண்டுமென்றே செய்ததா, மறதியா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தச் சந்தேகம்தான் ஆளை அரிக்கிறது. லின் ஆண்டர்சன், கிறிஸ்டின் பியர்சன் என்ற ஆய்வாளர்கள் 1999இல் இதை ஒரு சுழலாக விளக்கினார்கள்: அவமதிக்கப்பட்டதாக உணர்பவர் அதே அளவில் திருப்பிக் கொடுக்கிறார், மற்றவர் அதற்கு இன்னும் கொஞ்சம் கூட்டுகிறார். ஒரு கட்டத்தில் அது வெளிப்படையான மோதலாகிவிடும்.

அப்புறம், யார் கணக்கிலும் ஏறாத வேலைகள் இருக்கின்றன. தேர்வுப் பணி, குழுக் கூட்டங்கள், தவிக்கும் மாணவரோடு பேசுவது. இவற்றை ஒருவர் தவிர்த்தால் இன்னொருவர் தலையில் விழும். சம்பளப் பட்டியலில் தெரியாத இந்த ஏற்றத்தாழ்வு, அதைச் சுமப்பவருக்குத் துல்லியமாகத் தெரியும். ஆகவே துறைகளில் கணக்கெடுப்பு நடத்துபவர்கள், 'சக ஆசிரியர்கள் நல்லவர்களா?' என்பதோடு நிறுத்தாமல், 'கடந்த மாதம் உங்கள் வரைவை யாராவது படித்துக் கருத்துச் சொன்னார்களா?' என்றும் கேட்க வேண்டும் என்பேன். அதற்குப் 'பரவாயில்லை' என்று பதில் சொல்ல முடியாது.