பலகையில் கறுப்புக் கறை: தேய்க்கும் முன் ஒரு சொட்டு

பலகையில் கறுப்பாக ஒரு திட்டு தெரிந்தால் கை முதலில் உப்புத்தாளைத்தான் தேடும். கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலும் அது மேலே ஒட்டிய அழுக்கு அல்ல, மரத்துக்குள்ளேயே உருவான ஒரு பொருள். எதனால் வந்தது என்று தெரியாமல் தேய்த்தால் பலகையில் பள்ளம் விழும், கறை அங்கேயே இருக்கும்.

பழைய பலகைகளில் அடிக்கடி பார்ப்பது இரும்புக் கறை. ஓக், வால்நட், செர்ரி போன்ற கடின மரங்களில் டானின் உண்டு. நாக்கில் துவர்ப்பாகத் தெரிகிற பொருள் அதுதான். ஓக்கில் மிக அதிகம். ஈரமான மரத்தை இரும்பு தொட்டால், கரைந்து வரும் இரும்பு அயனிகளை டானின் பிடித்துக்கொள்கிறது. முதலில் பெரிதாக நிறம் தெரியாது. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் நீலங்கலந்த கறுப்பாக மாறும். மாசிக்காயையும் இரும்பு உப்பையும் சேர்த்துக் காய்ச்சி ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதிய மையும் இதே வேதியியல்தான். எழுதும்போது வெளிறி இருக்கும், காயக் காயக் கறுக்கும். பலகையில் இருப்பதை மரமே தயாரித்த மை என்று சொன்னால் மிகையில்லை.

இதை நேரில் பார்க்க ஒரு சிறு ஓக் துண்டும் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரும் போதும். நாரை நனைத்து இரவு முழுக்கத் துண்டின் மேல் வைத்துவிட்டுக் காலையில் எடுத்துப் பாருங்கள். நாரின் இழை தொட்ட இடமெல்லாம் பேனாவால் கீறியதுபோலக் கறுத்திருக்கும். இன்னொரு துண்டில் உலர்ந்த நாரை வைத்தால் ஒன்றும் ஆகாது. இரும்பு, டானின், தண்ணீர் மூன்றும் கூடினால்தான் இந்தக் கறுப்பு வரும்.

அதனால் கறையின் வடிவமே நிறையச் சொல்லிவிடும். ஆணியைச் சுற்றி, ரேகை ஓடும் திசையில் இரு பக்கமும் வால்போல நீண்டிருந்தால் இரும்புதான், ஏனென்றால் தண்ணீர் மரத்தில் ரேகையோடுதான் வேகமாக ஓடும். தகர டப்பாவின் அடிபோல வட்டமாக இருந்தாலும் அப்படியே. வட்டம் வெள்ளையாக இருந்தால் கதை வேறு: ஈரம் பாலிஷில் சிக்கியிருக்கிறது, மரத்தைத் தொடவில்லை.

மரத்தின் வெளிப்புற வெள்ளைப் பகுதியில் மட்டும் நீலச் சாம்பல் கோடுகள் ஓடினால் பூஞ்சையாக இருக்கலாம். அதன் இழைகள் உண்மையில் பழுப்பு நிறம். மரத்துக்குள் ஒளி சிதறுவதால் நமக்கு நீலமாகத் தெரிகிறது. அது மரச் செல்களில் சேர்ந்திருக்கும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் தின்கிறது, செல் சுவரை அதிகம் தொடுவதில்லை, ஆகவே பலகையின் வலு பெரிதாகக் குறையாது. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும். அறுத்த பலகைகளை உலர்த்தும்போது இடையில் வைக்கிற குச்சிகளின் தடம் சீரான இடைவெளியில் சாம்பல் பட்டைகளாகத் தெரிவதும் உண்டு. அது ஆழமாக இறங்கியிருந்தால் இழைப்புளி போட்டாலும் போகாது.

சரி, பார்வைக்குப் பிடிபடவில்லை என்றால்? பாலிஷைச் சுரண்டிவிட்டு, கறையின் நடுவில் ஆக்சாலிக் அமிலக் கரைசலை ஒரு சொட்டு விடுங்கள். இரும்பாக இருந்தால் சொட்டு விழுந்த இடம் கொஞ்ச நேரத்திலேயே வெளுக்கத் தொடங்கும், கறுப்புக்கு நடுவே மரத்தின் சொந்த நிறம் ஒரு பொட்டுபோலத் தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. அமிலத்திலிருந்து வரும் ஆக்சலேட் அயனிகள் மூன்று சேர்ந்து ஓர் இரும்பு அயனியைச் சூழ்ந்து, டானினிடமிருந்து பிடுங்கிக்கொள்கின்றன. அப்படிப் பிறக்கும் சேர்மம் வெளிர் பச்சை, தண்ணீரில் கரையும், கழுவினால் போய்விடும். சாதாரண ப்ளீச் கரைசலால் இது முடியாது. அது மேற்பரப்புப் பூசணத்தைத்தான் வெளுக்கும், இரும்பை வெளியே எடுக்காது. சொட்டுக்கு எதுவுமே அசையவில்லை என்றால் இரும்பு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரும்பு என்று உறுதியானால், பிளாஸ்டிக் வாளியில் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்குச் சுமார் 30 கிராம் ஆக்சாலிக் அமிலம் போதும். கறைக்கு மட்டும் தடவினால் அந்த இடம் தனியாக வெளுத்து நிற்கும், அதனால் பலகை முழுவதும் தடவுங்கள். இரும்புப் பட்டை போட்ட பிரஷ் வேண்டாம், அதுவே புதுக் கறை வைத்துவிடும். காய்ந்த பிறகு நிறையத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி, சமையல் சோடா கலந்த நீரால் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் உப்புத்தாளைத் தொட வேண்டும். மிஞ்சியிருக்கும் அமிலப் படிகங்கள் தூளாகப் பறந்தால் மூக்கும் தொண்டையும் எரியும். வயிற்றுக்குள் போனால் சிறுநீரகத்தையே கெடுக்கிற நஞ்சு அது. கையுறை, கண்ணாடி, முகமூடி மூன்றும் கட்டாயம். ப்ளீச்சோடு மட்டும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடி கறுத்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே முறிந்த ஆணித் துண்டு இருக்கும், அதைத் தோண்டி எடுக்காமல் கறை போகாது. தீப்பட்டுக் கருகிய இடத்துக்கு அமிலம் எதுவும் செய்யாது, சுரண்டத்தான் வேண்டும். நாய், பூனைச் சிறுநீர் ஊறிய இடம் இன்னும் பிடிவாதம். ஆக்சாலிக் அமிலத்துக்குக் கொஞ்சம் மங்கும், அதற்கு மேல் வராது. ஹைட்ரஜன் பெராக்சைடும் காரமும் சேர்ந்த இரட்டைக் கரைசல் அதை வெளுக்கலாம், ஆனால் மரத்தின் சொந்த நிறத்தையும் கூடவே எடுத்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் அந்த ஒரு பலகையை மாற்றிவிடுவதே நல்லது.