கழுவாத இலை

இருமலுக்காக வந்த ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், உட்கார்ந்ததும் கேட்டது இருமலைப் பற்றி இல்லை. "டாக்டர், காய்கறிக்கு அடிக்கிற மருந்தெல்லாம் உடம்புல தங்கிடுமா?" பழத்தை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு மூன்று தடவை கழுவித்தான் சாப்பிடுகிறாராம். நல்ல பழக்கம்தான். சட்டைப் பையில் சிகரெட் பெட்டி துருத்திக்கொண்டிருந்தது. "இதை யார் கழுவினாங்க?" என்றேன். சிரித்தார்.

புகையிலையை யாரும் கழுவுவதில்லை. வயலில் பூச்சிக்கு ஒரு மருந்து, நுனியைக் கிள்ளியபின் பக்கத் தளிர் விடாமலிருக்க மலீக் ஹைட்ரசைடு, கிடங்கில் வண்டு விழாமலிருக்க பாஸ்பீன் வாயு. இலையோ பிசுபிசுவென்று ரோமம் நிறைந்தது, மேலே விழுவதை லேசில் விடாது. (நிகோடினையே ஒரு காலத்தில் பூச்சிமருந்தாகத் தெளித்திருக்கிறார்கள், அது வேறு கதை.) "எரிஞ்சா எல்லாம் போயிடாதா?" என்று கேட்பார்கள். கொஞ்சம் சிதையும், சிதைந்து வேறொன்றாக மாறும். மிச்சம் அப்படியே புகையோடு உள்ளே போகும்.

இலையில் இருக்கும் உலோகத்துக்கு அந்தச் சிதைவும் கிடையாது. நான் அதிகம் கவலைப்படுவது காட்மியம் என்ற நச்சு உலோகத்தைப் பற்றித்தான். மண்ணிலும் பாஸ்பேட் உரத்திலும் இருக்கும் காட்மியத்தை வேர்வழியாக இழுத்து இலையில் சேர்த்துவைப்பது புகையிலைச் செடியின் சுபாவம். காட்மியம் 767 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். நாம் தம் இழுக்கும்போது சிகரெட் முனையிலிருக்கும் நெருப்பு சுமார் 900 டிகிரியைத் தொடும். அப்புறம் என்ன, ஆவியானது புகையில் குளிர்ந்து பொடிப்பொடித் துகளாகி நுரையீரலின் அடிவரை போகிறது. சாப்பாட்டில் வரும் காட்மியத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் குடல் ஏற்பதில்லை, நுரையீரல் கிட்டத்தட்டப் பாதியை வாங்கிக்கொள்ளும்.

ஒரு சிகரெட்டில் இருக்கும் காட்மியம் ஒன்று முதல் இரண்டு மைக்ரோகிராம், அதிலும் பத்தில் ஒரு பங்குதான் இழுப்பவருக்குள் போகிறது, மீதி சாம்பலிலும் பக்கத்தில் இருப்பவர் சுவாசிக்கும் புகையிலும். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியம் பாதியாகக் குறைவதற்கே 10 முதல் 30 வருஷம் ஆகும், அதற்குள் அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி. சேர்ந்துகொண்டே போனால் சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் பழுதாகிச் சிறுநீரில் புரதம் கசியும், எலும்பு வலுவிழக்கும். நுரையீரலின் காற்றறைகள் கிழிவதிலும் இதற்குப் பங்குண்டு.

கூடவே ஈயம், ஆர்சனிக், நிக்கல், கதிரியக்கமுள்ள பொலோனியம்-210. புகையில் பொலோனியம் இருப்பது 1964லேயே ஆய்விதழில் வெளிவந்துவிட்டது. "நான் பில்டர் சிகரெட்தான்" என்பவர்களுக்கு: பில்டர் கொஞ்சம் துகளைப் பிடிக்கும், அவ்வளவுதான். "ரசாயனம் சேர்க்காத இயற்கைப் புகையிலை" என்றாலும் மண் அதே மண்தானே.

கடைசியில் அவர் கேட்டார், "இதை வெளியேத்த மருந்து இருக்கா?" வருஷக்கணக்கில் சேர்ந்த காட்மியத்தை உறிஞ்சி எடுக்க நம்பி எழுதித்தரும்படி ஒரு மருந்தும் இல்லை. நிறுத்தினால் ரத்தத்தில் இருப்பது குறையும், சிறுநீரகத்தில் இருப்பது மெதுவாகத்தான். கேட்டுக்கொண்டே பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். கிளம்பும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டும் போனார். அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறேன்.