மௌசோலியம் – பள்ளிப்படை

பெரிய மனிதர்களைப் புதைத்த இடத்தில் மாளிகைபோல் எழுப்பும் கட்டடம் மௌசோலியம். அந்தப் பெயருக்குள் இருப்பவர் மௌசோலஸ் என்ற ஓர் அரசர்.

இன்றைய துருக்கியின் தென்மேற்கில் இருந்த காரியாவை கி.மு. 377 முதல் 353 வரை ஆண்டவர். ஏட்டளவில் பாரசீகப் பேரரசின் ஆளுநர், நடப்பில் மன்னரேதான். தலைநகரை மிலாசாவிலிருந்து கடலோர ஹாலிகர்னாசஸுக்கு (இன்றைய போத்ரும்) மாற்றினார்.

பணம் கறப்பதில் ஆள் மகா கெட்டி. மிலாசா மக்களைக் கூட்டி, பேரரசர் படையெடுத்து வருவார், ஊருக்கு மதில் இல்லையே என்று பயமுறுத்தி வசூலித்தார். கைக்குப் பணம் வந்ததும், மதில் கட்டத் தெய்வம் உத்தரவு தரவில்லை என்று சொல்லிவிட்டார். அவருடைய அதிகாரி கொண்டலஸ் இன்னும் ஒரு படி மேலே. முடியை நீளமாக வளர்க்கும் லிசியர்களிடம் போய், பேரரசருக்குச் சவுரிமுடி வேண்டுமாம், தலைக்கு இவ்வளவு கொடுத்தால் உங்கள் முடியை வெட்டாமல் கிரேக்கத்திலிருந்து வாங்கி அனுப்பிவிடுகிறேன் என்றார். கொடுத்தார்கள்! பழைய கிரேக்கப் பொருளியல் நூலொன்றில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது.

மௌசோலஸ் இறந்ததும் ஆட்சிக்கு வந்தவர் ஆர்ட்டிமீசியா. மனைவியும் அவரே, உடன்பிறந்தவரும் அவரே. அவர் காலத்தில் எழுந்த கல்லறை சுமார் 45 மீட்டர் உயரம்: 36 தூண்கள், மேலே 24 படிகளாகக் குறுகும் கூம்பு, உச்சியில் நான்கு குதிரை பூட்டிய தேர். கிரேக்கர் இதை மௌசோலையோன், அதாவது 'மௌசோலஸுக்குரியது' என்றனர். லத்தீனில் மௌசோலியம் ஆனது. ரோமில் பேரரசர் அகஸ்டஸ் தனக்குக் கட்டிய கல்லறைக்கும் அதே பெயர் நிலைக்க, ஆள்பெயர் பொதுப்பெயரானது. மூலக் கட்டடமோ நிலநடுக்கங்களில் சரிந்து, அதன் கற்கள் போத்ரும் கோட்டைச் சுவருக்குள் போய்விட்டன.

சரி, தமிழில்? சமாதி வடசொல், நினைவிடம் என்றால் உடல் அங்கே இருக்கவேண்டும் என்பதில்லை. நம்மிடம் பள்ளிப்படை இருக்கிறது. பள்ளி என்றால் படுக்கை. பள்ளியறை, பள்ளிகொண்ட பெருமாள் என்பதில் வருவதுதான். ஆற்றூரில் துஞ்சிய அரிஞ்சய சோழனுக்கு மேல்பாடியில் முதலாம் இராசராசன் எடுத்தது பள்ளிப்படைக் கோயில். ஆனால் பள்ளிப்படையில் லிங்கமும் வழிபாடும் உண்டு. அதனால் அகஸ்டஸுடையதையும் முகலாய மன்னர் உமாயூனுடையதையும் கல்லறை மாளிகை என்றே எழுதுவேன். அரசர் நினைவாக எழுந்த கோயில் என்றால் மட்டும் பள்ளிப்படை.