வயிற்று ஸ்கேன் நார்மல் என்றால் குடலும் நார்மலா?

ஓராண்டாக மலத்தோடு இரத்தம் போய்க்கொண்டிருந்தும், மூலம்தான் என்று களிம்பு தடவிச் சமாளித்துவந்த 52 வயதுக்காரர் ஒருவரைச் சென்ற வாரம் பரிசோதித்தேன். ஆசனவாயில் விரலை விட்டதுமே மலக்குடலில் கட்டி தட்டுப்பட்டது. அவரோ, "ஆறு மாசத்துக்கு முன்னால எடுத்த ஸ்கேன்ல எல்லாம் நார்மல்னுதானே டாக்டர் போட்டிருந்தது?" என்று கேட்டார். இந்த மாதத்தில் இதே கேள்வியைக் கேட்ட மூன்றாவது நோயாளி அவர்.

வயிற்றின்மேல் ஜெல் தடவி எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகம், கருப்பை ஆகியவற்றைப் பார்ப்பதற்கே பெரிதும் உதவுகிறது. ஒலியலை காற்றைக் கடந்து செல்லாது. குடலிலோ எப்போதும் காற்று இருக்கிறது. பெரிதாக வளர்ந்து குடல்சுவரைத் தடிக்கச் செய்த கட்டியைத் தேர்ந்த கண் சில வேளை கண்டுபிடித்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் சிறிய கட்டியும், குடல்சுவரில் முளைத்துப் புற்றாக மாறக்கூடிய பாலிப் என்னும் சதைவளர்ச்சியும் அதில் எளிதில் தப்பிவிடும். இடுப்பெலும்புக் கூட்டுக்குள் ஆழத்தில் கிடக்கும் மலக்குடலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எவ்வளவு விலையுயர்ந்த மெஷினாக இருந்தாலும் காற்று காற்றுதான். ரிப்போர்ட்டில் உள்ள 'நார்மல்' என்ற சொல், பார்க்க முடிந்த உறுப்புகளுக்கு மட்டுமே பொருந்தும்.

அப்படியானால் நவீன அல்ட்ராசவுண்ட் எதற்கு? கொலனோஸ்கோபியில் (ஆசனவாய் வழியாகக் கேமரா குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்ப்பது) கட்டியைக் கண்டு, பயாப்ஸியில் (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) புற்று உறுதியான பிறகு, ஆசனவாய் வழியாகவோ எண்டோஸ்கோப் என்னும் உள்நோக்குக் குழாயின் நுனியிலோ ஒலிக்கருவியைச் செலுத்தினால், மலக்குடல் சுவர் ஐந்து அடுக்குகளாகத் தெரியும். கட்டி அவற்றில் எதுவரை ஊடுருவியிருக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். மேலடுக்குகளிலேயே நிற்கும் தொடக்கநிலைக் கட்டிகளுள் சிலவற்றை, பெரிய அறுவை சிகிச்சையின்றி ஆசனவாய் வழியாகவே அகற்றிவிடலாம். சுவரைத் தாண்டிப் போயிருந்தால் எம்.ஆர்.ஐ.தான் துணை. (புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுத்த பிறகு இந்தச் சோதனைகளை எடுத்தால், எது வடு, எது கட்டி என்பதில் எங்களுக்கே தடுமாற்றம் உண்டு.)

மலத்தில் இரத்தம், சில வாரங்களாக மாறிப்போன மலப்பழக்கம், காரணம் தெரியாத இரத்தசோகை ஆகியவற்றில் எது இருந்தாலும், கூச்சத்தை விட்டுவிட்டு ஆசனவாய்ப் பரிசோதனைக்கு இசையுங்கள். மூலம் இருப்பது உறுதியானாலும் கொலனோஸ்கோபி வேண்டுமா என்று கேளுங்கள். கையுறை மாட்டி விரலால் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்யாமல் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்து அனுப்பும் என் துறையினர்மீதும் எனக்குக் கோபம் உண்டு. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ குடல்புற்று வந்திருந்தால், அறிகுறிக்காகக் காத்திருக்காமல் 40 வயதிலோ, அவர்களுக்கு நோய் கண்டறியப்பட்ட வயதுக்குப் பத்தாண்டு முன்போ, எது முந்தியோ அப்போதே பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

அந்த நோயாளிக்கு எம்.ஆர்.ஐ.க்கு நாள் குறித்தாயிற்று. 44 வயதான அவருடைய தம்பியையும் கொலனோஸ்கோபிக்கு அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன். அவரும் போன மாதம்தான் வயிற்று ஸ்கேன் எடுத்தாராம்.