கோல்ஃபில் டிரைவர் எடுத்தால் மட்டும் பந்து ஏன் வளைகிறது?

மூணாறில் கோல்ஃப் ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் வேலை (caddie) பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, வெட்ஜ்ல அடிச்சா நேராப் போற பந்து, டிரைவர் எடுத்தா மட்டும் வலப்பக்கம் வளைஞ்சு தேயிலைக்குள்ள போயிடுது. எல்லாரும் காத்துன்னு சொல்றாங்க. நிஜமாவா?" (கோல்ஃப் மட்டையைத்தான் கிளப் என்பார்கள். கிட்டத்து அடிக்கு எடுப்பது வெட்ஜ், தொலைதூர அடிக்கு எடுப்பது டிரைவர்.)

காற்றுதான் தம்பி. ஆனால் மலையில் வீசும் காற்று இல்லை, பந்தின் சுழற்சி கிளப்பிவிடும் காற்று.

கிளப்பின் முகம், அதாவது பந்தில் படும் பரப்பு, பின்னால் சாய்ந்திருப்பதால், பந்து பின்பக்கமாகச் சுழன்றபடி கிளம்பும். சுழலும் பந்து தன் மேலே வரும் காற்றை இழுத்துக் கீழே தள்ளும்; பதிலுக்குக் காற்று பந்தை மேலே தூக்கும். இதுதான் மேக்னஸ் விளைவு. அஸ்வின் வீசும் பந்து காற்றிலேயே விலகுவதும் இதனால்தான்.

இனி நான் சொக்கிப்போகும் இடம். அந்தச் சுழற்சிக்கு மாட்டு வண்டி அச்சுபோல ஓர் அச்சு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அச்சு கிடைமட்டமாக இருந்தால் தூக்குவிசை நேர் மேலே. கிளப் போகும் பாதையைவிட அதன் முகம் வலப்பக்கம் திறந்திருந்தால், அச்சின் வலது முனை தாழ்ந்துவிடும். தூக்குவிசையும் கூடவே வலப்பக்கம் சாயும். திரும்பும் விமானம் இறக்கையைச் சாய்ப்பதுபோலப் பந்தும் வளைகிறது. பின்சுழல் ஒன்று, பக்கச்சுழல் ஒன்று என்று இரண்டு கிடையாது. ஒரே பந்து, ஒரே அச்சு, அதன் சாய்வு மட்டுமே கதை.

அப்படியானால் வெட்ஜ் மட்டும் ஏன் தப்பிக்கிறது? அதன் முகச் சாய்வு சுமார் 50 டிகிரி, டிரைவருக்குச் சுமார் 10. முகம் 4 டிகிரி திறந்துபோனால், 50க்கு முன் அந்த 4 அமுங்கிவிடும்; அச்சு லேசாகத்தான் சாயும். 10க்கு முன் அதே 4 பெரிய பிழை. கை செய்யும் தப்பு இரண்டிலும் ஒன்றே, டிரைவர் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

சரி, திருத்துவது எப்படி? பந்து வலப்பக்கம் போகிறதே என்று பலர் இடப்பக்கம் பார்த்து நிற்கிறார்கள். அப்போது கிளப் வெளியிலிருந்து உள்ளே, அதாவது உடம்புப் பக்கமாக, இன்னும் குறுக்காக வரும், வளைவு கூடும். முதலில் பிடியைப் பாருங்கள். வலக்கை ஆட்டக்காரர் என்றால் இடது கையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். குனிந்து பார்த்தால் இரண்டு மூன்று விரல் முட்டிகள் தெரியணும். அப்புறம் கிளப் உள்ளிருந்து வெளியே வரும்படி பழக வேண்டும். கிளப்பும் பந்தும் தொட்டுக்கொள்வது அரை மில்லி விநாடிதான், அந்த நேரத்தில் கை எதையும் சரிசெய்ய முடியாது.

பந்தின் சுழற்சியை அளக்கும் ரேடார் கருவியின் விலை லட்சங்களில் இருக்கிறது. விளையாட்டுத் துறை இப்படி ஒன்றை மலையூர்ப் பிள்ளைகளுக்கும் வாங்கித் தர வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை கைப்பேசியின் ஸ்லோமோஷன் போதும். கிளப் வரும் பாதை அதில் நன்றாகவே தெரியும்.

இன்னொன்று தம்பி: மூணாறு சுமார் 1500 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. இதே அடியைக் கொச்சியில் அடித்தால் பந்து இன்னும் வளையும்.