ரயிலில் ஏறிய காலரா: தொற்று எப்போது குற்றமாகிறது?

1883-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. தனக்குக் காலரா என்று தெரிந்திருந்தும் ரயில்வே ஊழியர்களிடம் சொல்லாமல் ஒருவர் ரயிலேறியிருந்தார். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 269-வது பிரிவில் அவருக்கு விதித்த தண்டனை சரியே என்றது நீதிமன்றம். விஷயம் தெரிந்தே கூடப் போனவரும் உடந்தைக் குற்றத்துக்குத் தப்பவில்லை. ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் கோக் கல்கத்தாவில் காலராக் கிருமியைத் தனியே பிரித்தெடுத்தது அதற்கு அடுத்த ஆண்டுதான்.

கிருமியைப் பிரித்தெடுக்கும் முன்பே தண்டிக்க முடிந்தது எப்படி? அந்தப் பிரிவு ‘யாருக்குத் தொற்றியது’ என்று கேட்பதே இல்லை. 2024 ஜூலை 1 முதல் அது, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 271-வது பிரிவு, சாரம் மாறவில்லை. நோய் உயிருக்கு ஆபத்தானதாக இருக்க வேண்டும். செய்த காரியம் அதைப் பரப்பக்கூடியதாக இருக்க வேண்டும். அது சட்டவிரோதமாகவோ கவனக்குறைவாகவோ செய்ததாக இருக்க வேண்டும். பரவும் என்று செய்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்திருக்க வேண்டும். தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். கெட்ட எண்ணத்தோடு செய்தால் 272-வது பிரிவு; இரண்டு ஆண்டு வரை சிறை.

‘பரப்பக்கூடிய காரியம்’ எது என்பது நோய்க்கு நோய் மாறும். காலரா மலம், வாந்தி கலந்த தண்ணீர், உணவு வழியாகப் பரவுகிறது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாலே ஒட்டிக்கொள்ளாது. தட்டம்மை வைரஸோ நோயாளி போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அறைக் காற்றில் இருக்கும். மருந்துக்குக் கட்டுப்படும் காசநோயில், சரியான சிகிச்சை தொடங்கிய சில வாரங்களிலேயே பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே நோயின் பெயரை மட்டும் எழுதிய குற்றப்பத்திரிகை நிற்காது. சம்பவத்தன்று அவர் பரப்பும் நிலையில் இருந்தாரா என்பதற்குச் சான்று வேண்டும்.

வழக்கின் உயிர் பரிசோதனைச் சீட்டின் தேதிகளில் இருக்கிறது. உதாரணமாக ஒருவர் திங்களன்று சளி மாதிரி கொடுக்கிறார், செவ்வாயன்று கல்யாணத்துக்குப் போகிறார், புதன் இரவு ‘பாசிட்டிவ்’ என்று முடிவு வருகிறது. காய்ச்சலும் இருமலுமாக வந்தவரிடம் திங்களன்றே “முடிவு வரும்வரை வெளியே போகாதீங்க” என்று சொல்லியிருந்தால், நம்பக் காரணம் இருந்தது எனலாம். அறிகுறியே இல்லாமல் வழக்கமான பரிசோதனைக்குப் போனவர் என்றால் அது கடினம். முடிவை யார், எத்தனை மணிக்கு, எப்படித் தெரிவித்தார்கள் என்ற பதிவு இல்லாமல் போவதுதான் பெரிய ஓட்டை.

ஊரடங்கை மீறுவதும் நோயைப் பரப்புவதும் ஒன்றல்ல. 2020-ல் பல இடங்களில் இந்த இரண்டையும் போலீசார் ஒரே எஃப்.ஐ.ஆரில் சேர்த்துப் போட்டது தவறு. அந்த செப்டம்பரில் மியான்மரைச் சேர்ந்த எட்டுப் பேர் மீதான வழக்கை பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை ரத்து செய்தது. பரிசோதனையில் அவர்களுக்குத் தொற்றே இல்லை. இல்லாத தொற்றை எப்படிப் பரப்புவது? அரசு ஊழியரின் ஆணையை மீறியது தனிக் குற்றம், இப்போது 223-வது பிரிவு. அந்த அதிகாரியோ, அவருடைய மேலதிகாரியோ, அவர் அதிகாரம் அளித்த வேறு அரசு ஊழியரோ எழுத்துமூலம் புகார் தந்தால்தான் நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்கும். 271-க்கு அந்தத் தடை இல்லை. போலீசார் பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம், ஆனால் ஜாமீன் உரிமை உண்டு. சம்பவம் நடந்து ஓராண்டு கடந்தால், தாமதத்துக்குத் தக்க காரணமோ நீதியின் நலன் கருதிய தேவையோ இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது.