வலிப்பு நின்றுவிட்டது, படி ஏற ஏன் சிரமப்படுகிறாள்?

எட்டு வயதுப் பெண் குழந்தை. மூன்று வருடமாக ஒரு வலிப்புகூட வரவில்லை. வழக்கமான பரிசோதனைக்கு வந்தபோது, கிளம்பும் நேரத்தில் அம்மா சொன்னார்: "இப்பல்லாம் மாடிப்படி ஏறவே சோம்பல்படுறா டாக்டர்." தரையில் உட்கார்ந்து எழச் சொன்னேன். இரண்டு கைகளையும் தொடைமேல் ஊன்றி, மெல்ல மெல்ல நிமிர்ந்தாள். அது சோம்பல் இல்லை, தசை பலவீனம். ரத்தத்தில் வைட்டமின் டி ஒரு மில்லிலிட்டருக்கு 7 நானோகிராம்தான் இருந்தது. பொதுவாக 20-க்குக் கீழே போனாலே பற்றாக்குறை என்கிறோம்.

முந்தைய வருகைகளில் "ஃபிட்ஸ் வந்ததா?" என்று மட்டும் கேட்டு, மருந்துச் சீட்டைப் புதுப்பித்து அனுப்பியிருந்தேன். அது இன்னும் உறுத்துகிறது.

அவள் எடுத்துக்கொண்டிருந்தது ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்து. அதுவும், ஃபீனோபார்பிட்டால், கார்பமாசெபின் ஆகிய வலிப்பு மருந்துகளும் கல்லீரலில் சில என்சைம்களை முடுக்கிவிடுகின்றன. அந்த என்சைம்கள் உடம்பில் இருக்கும் வைட்டமின் டி-யையும் வேகமாகச் சிதைத்துவிடும். டி குறைந்தால் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது. ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்ள உடம்பு எலும்பில் கை வைக்கும். வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்து இந்த வழியில் வேலை செய்வதில்லை. ஆனாலும் அதை வருடக்கணக்கில் எடுக்கும் குழந்தைகளிடமும் இந்தக் குறைவைப் பார்க்கிறோம்.

இன்னொன்று. கால்சியம் மிகவும் இறங்கினால் அதனாலேயே வலிப்பு வரலாம். அப்போது "மருந்து போதவில்லை" என்று நினைத்து டோஸைக் கூட்டினால், கோளாறு இருக்கும் இடம் ஒன்று, வைத்தியம் நடக்கும் இடம் வேறொன்று.

எனக்கு அதிகக் கவலை நடக்க முடியாத குழந்தைகளைப் பற்றித்தான். படுக்கையிலேயே இருப்பார்கள், வெயில் படாது, இரண்டு மூன்று மருந்து ஓடும், சிலருக்குச் சாப்பாடு குழாய் வழியாக. இவர்களில் சிலருக்கு உடை மாற்றும்போதே எலும்பு முறிந்துவிடும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தை, காரணமில்லாமல் அழுதுகொண்டே இருக்கும்.

ஃபோலிக் அமிலத்தையும் அதே மூன்று மருந்துகள் குறைக்கக்கூடும், ரத்தசோகை வரலாம். சரி, மாத்திரை கொடுத்தால் தீர்ந்ததா? அங்கேதான் கவனம் வேண்டும். ஃபோலிக் அமிலம் சேர்த்தால் ரத்தத்தில் ஃபெனிடாயின் அளவு இறங்கலாம். வலிப்பு நன்றாகக் கட்டுக்குள் இருந்த ஒரு பையன், வேறோர் இடத்தில் ரத்தசோகைக்காக இந்த மாத்திரை ஆரம்பித்தபின் திரும்பவும் வலிப்போடு வந்தான். சேர்க்கக் கூடாது என்பதில்லை. சேர்க்கும்போது வலிப்பு மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வைட்டமின் பி6 கதை வேறு. பிறந்த சில நாட்களிலேயே தொடங்கி, வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத ஒருவகை வலிப்பு உண்டு. 1954-லேயே விவரிக்கப்பட்டது, பெரும்பாலானவர்களுக்கு அதன் காரணமான மரபணுக் கோளாறு 2006-ல் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தக் குழந்தைகளுக்கு பி6-தான் மருந்து, அதுவும் வாழ்நாள் முழுக்க. அரிதான இந்த நோயைப் பற்றிக் கேள்விப்பட்டு மற்ற குழந்தைகளுக்கும் தாங்களாகவே பி6 கொடுக்கும் பெற்றோர் உண்டு. வேண்டாம். அதிக அளவில் நீண்டகாலம் கொடுத்தால் அது நரம்பையே கெடுக்கும்.

வலிப்பைக் கட்டுப்படுத்த, கொழுப்பை அதிகமாகவும் மாவுச்சத்தை மிகக் குறைவாகவும் கொடுக்கும் கீட்டோஜெனிக் உணவுமுறையில் இருக்கும் குழந்தைகளுக்கு வைட்டமினும் கால்சியமும் கட்டாயம் தனியாகக் கொடுக்க வேண்டும். ஆனால் இனிப்பு சிரப்பாகக் கொடுத்தால் அதில் இருக்கும் சர்க்கரை அந்த உணவுமுறையையே குலைத்துவிடும். சர்க்கரை இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள்.

நீண்டகால மருந்து தொடங்கும்போது ஒரு முறை, பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவது வைட்டமின் டி அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு வயதுக்கு மேல் தினசரித் தேவை 600 யூனிட். இந்த மருந்துகளில் இருக்கும் குழந்தைகளுக்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு தேவைப்படலாம். எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும். வாரம் ஒரு முறை கொடுக்க வேண்டியதைத் தினமும் கொடுத்து, வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம் என்று வந்தவர்களும் உண்டு. வைட்டமின் குறைகிறதே என்று பயந்து வலிப்பு மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பாகவே வரலாம்.

அந்தப் பெண்ணுக்கும் ஃபெனிடாயினை நிறுத்தவில்லை. வைட்டமின் டி-யும் கால்சியமும் சேர்த்தோம். நான்காவது மாதம் வந்தபோது அம்மாவின் கையை விட்டுவிட்டு முன்னால் ஓடி வந்தாள். இப்போதெல்லாம் என்னிடம் வருபவர்களிடம், குழந்தைக்குக் கொடுக்கும் எல்லா பாட்டிலையும் அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்கிறேன், யாரோ நல்லது என்று சொல்லிக் கொடுத்த டானிக் உட்பட.